யாருடைய வீட்டிலிருந்து வேலை?

"வீட்டிலிருந்து வேலை" என்பதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கொரோனா காலம் தொடங்கி இன்றுவரை ஆங்கிலப் பத்திரிகைகளும் தொழிலதிபர்களும் லிங்க்ட்இன் ஞானிகளும் இரண்டாவது சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். உற்பத்தித்திறன் கூடுகிறதா, குறைகிறதா? ஊழியர் ஒழுங்காக உழைக்கிறாரா, ஏமாற்றுகிறாரா? வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸா, ஐந்து நாளா? முதல் சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. யாருடைய வீடு? அது எந்தத் தெருவில் இருக்கிறது? அதில் எத்தனை அறை, எத்தனை பேர்? வாடகை வீடு என்றால், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் என்னென்ன கேட்டார்?

விவாதத்தை நடத்துகிறவர்களுக்கு வீடு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. அவர்களுக்கு வீடு என்றால் சுவர், கூரை, தனி அறை, தடையில்லாத மின்சாரம், நல்ல வைஃபை. நமக்கு வீடு என்றால் முதலில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்வி. ஊரா, சேரியா? இந்த நாட்டில் சாதி மிக உறுதியாகக் குடியிருக்கும் இடம் வீடும் தெருவும்தான். அந்த வீட்டையே வேலை செய்யும் இடமாக மாற்றினால், அலுவலக வாசலில் ஓரளவாவது நின்றுபோன சாதி நேராக வேலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "திரும்பி வா, பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு" என்று சொன்னால், தலித் ஊழியர் இரண்டு பக்கமும் விலை கொடுக்க வேண்டிவரும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம், தோழர்களே.

வேலை இருந்தது, வீடு இல்லை

1917. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்கிறார். படிப்புக்கு உதவித்தொகை கொடுத்ததே அந்த சமஸ்தானம்தான். உயர்ந்த படிப்பு, உயர்ந்த பதவி. ஆனால் அந்த நகரத்தில் அவருக்கு வாடகைக்கு இடம் கொடுக்க ஆளில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொல்கிறது. தெரிந்தவர்களிடம் இடம் கேட்கிறார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இரண்டு கதவும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்து, இரவு ரயிலைப் பிடித்து பம்பாய்க்குத் திரும்புகிறார். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். இதை அவரே பிறகு எழுதி வைத்திருக்கிறார்.

அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவருடைய மேசைமீது தூக்கி எறிந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த அவமானத்தை அவர் பொறுத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கக்கூடும். ஆனால் தங்க ஒரு கூரை இல்லாமல் வேலை பார்க்க முடியாது. பரோடாவில் அவருடைய வேலையைப் பறித்தது அலுவலகம் அல்ல, அந்த நகரத்தின் வீடுகள்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நம் பிள்ளைகள் பி.இ. முடித்துவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் அறை தேடும்போது நடப்பது என்ன? யாரும் தடியோடு வருவதில்லை. "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று அன்பாகத் தொடங்குவார்கள். "ஊருக்குள்ளேயா, காலனியா?" "வீட்ல நான்வெஜ் சமைப்பீங்களா?" "முழுப் பெயர் என்ன, அப்பா என்ன பண்றாரு?" அதற்குப் பிறகு, "நாளைக்குச் சொல்றேன்." அந்த நாளை வராது. டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் வீட்டு வாடகையில் சாதியும் மதமும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் நேரடியாக மறுக்கப்படுவதையும், கொடுத்தாலும் கூடுதல் வாடகையும் கூடுதல் நிபந்தனையும் போடப்படுவதையும் அது பதிவு செய்தது. சென்னையில் இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. உங்கள் விடுதி நண்பர்கள் பத்துப் பேரைக் கேளுங்கள், போதும்.

ஊரடங்கில் யாருக்கு வீடு இருந்தது?

2020 மார்ச் 24 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்றார். வீட்டிலேயே இருங்கள் என்றார். நெடுஞ்சாலைகளில் நடந்து போனவர்களின் கூட்டம், இந்த நாட்டில் எத்தனை பேருக்கு வேலை பார்க்கும் ஊரில் வீடு இல்லை என்பதைக் காட்டியது. அதே வாரத்தில் ஐ.டி. நிறுவனங்கள் லட்சக்கணக்கான ஊழியர்களை லேப்டாப்போடு வீட்டுக்கு அனுப்பின. இரண்டையும் அன்றைய செய்தித்தாள்கள் அடுத்தடுத்த பக்கங்களில் போட்டன. ஒன்று சோகம், இன்னொன்று சாதனை. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே கேள்விதான்: யாருக்கு வீடு இருக்கிறது?

கொரோனாவுக்கு முன்பு எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றைப் பாருங்கள். 2017-18இல் இந்தியக் குடும்பங்களில் கணினி இருந்தது 10.7 சதவீதத்தில் மட்டும். கிராமப்புறத்தில் 4.4 சதவீதம். இணைய வசதி மொத்தத்தில் 23.8 சதவீதக் குடும்பங்களுக்கு, கிராமப்புறத்தில் 14.9 சதவீதத்துக்கு. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பகுதி இன்றும் கிராமத்தில், காலனியில் இருக்கிறார்கள். இந்தக் கணக்கில் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசு என்ன செய்தது? வேகமாகத்தான் செயல்பட்டது. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை பி.பி.ஓ. நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்தும் வேறெங்கிருந்தும் வேலை பார்க்க அனுமதித்தது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் தொழிலாளர் அமைச்சகம் சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணை வரைவை வெளியிட்டது. அதில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது முதன்முறையாக இடம் பிடித்தது. எப்படி? முதலாளி விரும்பினால் அனுமதிக்கலாம் என்று. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்று ஒன்றைச் சேர்த்து, அங்குள்ள நிறுவனங்களின் ஊழியர்களில் 50 சதவீதம் பேர் வரை வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றார்கள். பிறகு அதையும் தளர்த்தினார்கள். இந்த விதிகளெல்லாம் நிறுவனங்களின் வசதிக்காக வந்தவை. ஊழியருடைய வீட்டில் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று இவற்றில் எதுவும் கேட்கவில்லை.

நாற்காலி மட்டுமா? கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் தலைமுறைப் பிள்ளை, தொகுப்பு வீட்டின் ஒற்றை அறையில் அம்மா, அப்பா, தங்கை, பாட்டி எல்லோரோடும் இருந்துகொண்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டும். கேமராவை ஆன் செய் என்பார் மேனேஜர். பின்னால் கொடியில் துணி தொங்கும், தகர டிரங்குப் பெட்டி தெரியும், சுவரில் அம்பேத்கர் படம் இருக்கும். அந்த ஒரு பிரேமில் அவன் ஒளித்து வைக்க நினைத்த எல்லாமே வந்துவிடும். ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே அடையாள அட்டை. அந்தச் சமத்துவம் மெல்லியதுதான், ஆனாலும் இருந்தது. வீட்டுக்கு அனுப்பியதும் அது கலைந்துபோனது.

விழுப்புரம் பக்கத்தில் நான் களப்பணி செய்யும் ஒரு காலனியில் ஒரு தம்பி இருக்கிறார். பி.பி.ஓ. வேலை. காலனிக்குள் சிக்னல் நிற்காது. ஊருக்குள் பிள்ளையார் கோயில் மேடையில் நான்கு கோடும் வரும். ஆனால் மேடை ஊருடையது. அங்கே அவர் உட்கார முடியாது. இரண்டு வருஷம் பஸ் நிறுத்த நிழற்குடையில், பவர் பேங்க் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அங்கேயும் ஒருநாள் வந்து கேட்டார்கள், "என்னடா, கலெக்டர் ஆபீஸா நடத்துற?" அவருடைய அப்ரைசலில் என்ன எழுதினார்கள் தெரியுமா? இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது, ஈடுபாடு போதவில்லை. நிழற்குடையும் கோயில் மேடையும் எந்த அப்ரைசல் படிவத்திலும் ஒரு கட்டமாக இருக்காது. சாதி இப்படித்தான் நவீன நிறுவனத்துக்குள் நுழைகிறது. உள்ளே வரும்போது அதற்கு "செயல்திறன் குறைபாடு" என்று பெயர் மாறிவிடுகிறது.

கிராமத்துக்குத் திரும்பு என்கிறார்கள்

இன்னொரு பாட்டும் ஓடுகிறது. நகரம் நரகம், கிராமம் சொர்க்கம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குத் திரும்புங்கள் என்பது அந்தப் பாட்டு. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2019இல் தென்காசி அருகே மத்தளம்பாறைக்குக் குடிபெயர்ந்தார். சிறு ஊர்களில் அலுவலகம் திறப்பதைக் கொள்கையாகவே பேசிவருகிறார். வேட்டி கட்டிய தொழிலதிபர் வயல் வரப்பில் சைக்கிள் ஓட்டும் படத்தைப் பார்த்து நகரத்து நடுத்தர வர்க்கம் உருகியது. சிறு ஊர்களில் வேலைவாய்ப்பு வருவதை நான் எதிர்க்கவில்லை. வரட்டும், இன்னும் நிறைய வரட்டும். எந்தக் கிராமம், அதில் எந்தப் பாதி என்பதுதான் என் கேள்வி.

கிராமம் என்பது ஒரு ஊர் அல்ல. அது ஊரும் சேரியும். குளம் ஊருடையது, கோயில் ஊருடையது, சுடுகாட்டுப் பாதை தனி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடித்தளமாகக் கொண்ட இந்தியா வேண்டும் என்று சிலர் கேட்டபோது, அம்பேத்கர் அந்தக் கிராமக் காதலைக் கடுமையாக மறுத்துப் பேசினார். நம் மக்களை நகரத்துக்குப் போகச் சொன்னவர் அவர். பெயர் தெரியாத கூட்டத்தில் கலந்து நடக்கும் சுதந்திரம் தலித்துக்கு நகரத்தில்தான் கிடைக்கும் என்பது அவருக்கு அனுபவத்தால் தெரியும்.

அந்தப் பேச்சுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறவர்களுக்கு: புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது வெளிவந்தது 2022 டிசம்பரில். நாங்குநேரியில் தலித் பள்ளி மாணவன் ஒருவனை உடன்படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டியதும் 2023 ஆகஸ்டில். சென்னையில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்த தலித் இளைஞர் ஒருவர் பாளையங்கோட்டையில் சாதிவெறிக்குப் பலியானது 2025 ஜூலையில். மென்பொருள் பொறியாளர் என்ற பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டே, "உங்கள் சொந்த ஊரிலிருந்தே நிம்மதியாக வேலை பாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அந்த நிம்மதி யாருக்கு?

ஒரு தலித் இளைஞன் நல்ல சம்பளத்தோடு ஊரில் இருப்பதே பலருக்குக் கண்ணை உறுத்தும். புது பைக், நல்ல சட்டை, காலில் ஷூ, பகலில் வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேச்சு. "சும்மா உட்கார்ந்து சம்பாதிக்கிறான்" என்ற வயிற்றெரிச்சல் எந்த நேரத்தில் எந்த வடிவம் எடுக்கும் என்று நமக்குத் தெரியும். மனிதவளத் துறைக்குத் தெரியாது.

திரைக்குப் பின்னால் சாதி தெரியாதா?

நம் பக்கத்திலேயே சில தோழர்கள் வேறு மாதிரி வாதிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தால் சாதி தெரியாது, எழுதும் கோடு மட்டும்தான் பேசும், மதியச் சாப்பாட்டு மேசையில் டப்பாவை எட்டிப் பார்ப்பவர் இல்லை, தோளைத் தடவிப் பூணூல் தேடுபவர் இல்லை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அந்த மேசையிலிருந்து தப்பித்த நிம்மதியை என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. இரண்டு மணி நேரப் பயணமும் பஸ் காசும் மிச்சமானதைச் சொன்னவர்களும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு இது ஒரு வாசலையே திறந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதையே ஒழிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை.

ஆனால் சாதி கண்ணால் மட்டும் பார்ப்பதல்ல. தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி, தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு வந்த அழைப்புகள் குறைவு. அங்கே முகம் இல்லை, மேசை இல்லை, வெறும் காகிதம்தான். காகிதத்திலேயே வேலை செய்த சாதி, திரையில் வேலை செய்யாதா? 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. உயர்சாதி மேலாளர்கள் ஒரு தலித் பொறியாளரைப் பாகுபடுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2023இல் தனிநபர்களான மேலாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறை திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. கடல் தாண்டியும் கூடவே வந்துவிட்டது என்று புகார் எழுப்பப்படும் ஒன்று, ஒரு வைஃபை இணைப்பைத் தாண்டாது என்று நம்பச் சொல்கிறார்கள்.

நிறுவனத்தில் முன்னேறுவது அதிகாரப்பூர்வக் கூட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. டீக்கடை, காரிடார், ரெஃபரல், "நம்ம பையன்" என்ற ஒரு வார்த்தை, இவற்றில்தான் பாதி நடக்கிறது. எல்லோரும் வீட்டுக்குப் போனபோது இந்த உறவுகள் செத்துவிடவில்லை. தனி வாட்ஸ்அப் குழுக்களுக்கும் தனி அழைப்புகளுக்கும் மாறின. காரிடாரில் நின்றால் தற்செயலாகவாவது ஒரு செய்தி நம் காதில் விழும். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அது விழாது.

ஹைப்ரிட்: இரண்டு வீட்டுச் செலவு

இப்போது ஹைப்ரிட் காலம். டி.சி.எஸ். நிறுவனம் 2020இல் "25க்கு 25" என்று அறிவித்தது: 2025க்குள் எந்த நேரத்திலும் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று. அதே நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. வேறு நிறுவனங்கள் வாரம் மூன்று நாள் என்றன, மாதம் பத்து நாள் என்றன. வருகைப் பதிவைச் சம்பளத்தோடும் பதவி உயர்வோடும் கட்டினார்கள். போ என்றார்கள், போனோம். வா என்கிறார்கள், வர வேண்டும். இரண்டு முடிவிலும் ஊழியரைக் கேட்கவில்லை.

அடையாறிலோ அண்ணா நகரிலோ சொந்த வீடு இருப்பவருக்கு ஹைப்ரிட் ஒரு வசதி. மூன்று நாள் கார், இரண்டு நாள் வீட்டு மேசை. காலனியிலிருந்து வந்தவருக்கு? ஊரடங்கில் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார். இப்போது மூன்று நாளுக்காக மறுபடி அறை தேட வேண்டும், அட்வான்ஸ் புரட்ட வேண்டும். "எந்த ஊர், எந்தத் தெரு" கேள்விக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் பணம் அனுப்ப வேண்டும். புதிதாகச் சேர்கிறவரின் சம்பளமோ பதினைந்து ஆண்டுகளாக வருடத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சத்தில் நின்றுகொண்டிருக்கிறது. கரண்ட் பில், இணைய பில் எல்லாம் அவர் தலையில். நிறுவனத்துக்கோ வாடகை மிச்சம், கரண்ட் மிச்சம், மேசை மிச்சம். இதற்குப் பெயர் நெகிழ்வுத்தன்மை. நெகிழ்வது யார் என்பதைக் கவனியுங்கள்.

இதில் நொறுங்குகிறவர் நம்முடைய அக்கா, தங்கைகள். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். பெண் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அவள் வீட்டில் இருக்கிறாள் என்றுதான் அர்த்தம். தண்ணீர் பிடிக்க, அடுப்பு பார்க்க, பாட்டிக்குச் சோறு போட. தலித் பெண்ணுக்கு இன்னொன்றும் இருக்கிறது. படித்து, வேலைக்குப் போய், விடுதியில் தங்கி அவள் சம்பாதித்த மிகப்பெரிய சொத்து சம்பளம் அல்ல. வீட்டையும் தெருவையும் ஊரையும் விட்டுத் தள்ளி நின்று தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் உரிமை. 2020இல் ஊருக்குத் திரும்பிய பல பெண்களுக்கு, "அதான் இங்கிருந்தே வேலை பார்க்கலாமே" என்று சொல்லியே கல்யாணப் பேச்சை ஆரம்பித்தார்கள்.

வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத வேலை

ஐ.டி. ஊழியர்களோடு இந்தக் கதையை முடித்துவிட்டால் நாமும் அந்த ஆங்கிலப் பத்திரிகைகளைப் போலத்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கோபுரங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் இருக்கின்றன. கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் பிய்த்தெடுத்து அரசு கொண்டுவந்து கொட்டிய மக்கள். பெரும்பகுதி தலித்துகள். கோபுரங்களில் தரை துடைப்பது, கழிவறை கழுவுவது, கேண்டீனில் பாத்திரம் தேய்ப்பது, வாசலில் காவல் நிற்பது எல்லாம் இங்கிருந்து போகிறவர்கள்தான். ஒப்பந்த வேலை, ஏஜென்சி சம்பளம்.

கோபுரம் காலியானபோது இவர்களுக்கு லேப்டாப் கொடுத்து யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை இல்லை, வராதே என்றார்கள். கேப் ஓட்டியவர் கடன் தவணைக்கு வண்டியைக் கொடுத்தார். பொறியாளருக்கு அது "வீட்டிலிருந்து வேலை", துப்புரவு செய்யும் அக்காவுக்கு "வீட்டில் வேலையில்லாமை". அதே நேரத்தில் நகரத்தின் குப்பையையும் மருத்துவமனைக் கழிவையும் அள்ளியவர்களுக்கு வீட்டில் இருக்கும் உரிமையே கிடையாது. கை தட்டினார்கள், விளக்கு ஏற்றினார்கள், மாலை போட்டார்கள். நிரந்தர வேலை கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார் வீட்டில் இருக்கலாம், யார் வெளியே வந்தே ஆக வேண்டும் என்பதைக் கொரோனா முடிவு செய்யவில்லை. சாதி எப்போதோ முடிவு செய்து வைத்ததைக் கொரோனா வெளிச்சம் போட்டுக் காட்டியது. இன்றைய ஹைப்ரிட்டிலும், மாடியில் ஆள் குறையும் நாளில் ஹவுஸ்கீப்பிங்கில் எத்தனை பேரைக் குறைக்கலாம் என்ற கணக்குத்தான் ஏஜென்சியில் ஓடுகிறது.

என்ன கேட்க வேண்டும்?

ஆபீஸ் நல்லதா, வீடு நல்லதா என்ற பட்டிமன்றம் நம்முடையது அல்ல. எங்கிருந்து வேலை பார்ப்பது என்பது முதலாளி கொடுக்கும் சலுகையாக இருக்கக் கூடாது. அது தொழிலாளியின் உரிமையாக வேண்டும். அதற்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று: வீடா அலுவலகமா என்பதை ஊழியர் எழுத்துப்பூர்வமாகத் தேர்வு செய்ய வேண்டும். வீட்டில் வசதி இல்லை என்று சொல்கிறவருக்கு அலுவலகத்தில் மேசை கொடுக்க மறுக்கக் கூடாது. ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிடும்போது குறைந்தது மூன்று மாத அவகாசமும் குடியேறும் செலவும் தர வேண்டும்.

இரண்டு: வீட்டை வேலையிடமாக்கினால் மின்சாரம், இணையம், மேசை, நாற்காலிச் செலவு நிறுவனத்துடையது. இது கனவு அல்ல. போர்ச்சுகல் 2021இல் இதற்குச் சட்டமே போட்டது. வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியரைத் தொந்தரவு செய்வதற்கும் தடை போட்டது. நம் சட்டமன்றமும் அதே 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டத்தைத் திருத்தியது. துணிக்கடையில் இருக்கை கேட்ட சட்டம், காலனி வீட்டிலும் ஒரு நாற்காலியைக் கேட்கலாம்.

மூன்று: வீடு வாடகைக்கு விடுவதில் சாதிப் பாகுபாட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். நிறுவனங்கள் தாங்களே வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து ஊழியர்களுக்குத் தர வேண்டும். பாகுபாட்டுக்கு எதிரான கொள்கையில் "சாதி" என்ற சொல்லை வெளிப்படையாக எழுத வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் எழுதிவிட்டது. சென்னையில் அலுவலகம் வைத்திருக்கிறவர்களுக்கு என்ன தயக்கம்?

நான்கு: ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, அலுவலகம் மூடினாலும் ஊதியம். மாடி காலியாக இருப்பது அவர்கள் குற்றம் அல்ல.

ஐந்து: அரசு, ஆதிதிராவிடர் விடுதிகளிலும் காலனிகளிலும் நல்ல இணையமும் மின்சாரமும் உள்ள பொது வேலைக்கூடங்கள் அமைக்க வேண்டும். ஊர்ப் பக்கம் கட்டிவிட்டு "எல்லோரும் வரலாம்" என்று பலகை மாட்டக் கூடாது. சேரியில் கட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் யார் கேட்பது? தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை, நம் ஆட்கள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எந்த நிறுவனமும் எண்ணிச் சொல்வதில்லை. எண்ணாதவரை பிரச்சினையும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஆகவே எண்ணும் வேலையை நீங்கள் தொடங்குங்கள். சமூகவியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்களே, ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? உங்கள் கல்லூரியில் வேலை கிடைத்துப் போன நம் பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். எங்கே தங்கினார்கள், என்ன கேட்டார்கள், யார் வேலையை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று எழுதுங்கள். பெயரைப் பாதுகாத்து, விவரத்தை வெளியிடுங்கள். வேலையில் இருக்கும் தோழர்கள் தொழிற்சங்கத்தில் சேருங்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. சங்கத்துக்குள்ளேயும் சாதியைப் பற்றிப் பேச வையுங்கள். "வர்க்கம் போதும், சாதி வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

நம் தாத்தாக்கள் பகலெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு, சேரிக்கு நடுவில் ஓலை வேய்ந்து இரவுப் பள்ளி நடத்தினார்கள். அதற்குப் பிந்திய தலைமுறை அம்பேத்கர் படிப்பகம் வைத்து, ஒரு செய்தித்தாளை இருபது பேர் பிரித்துப் படித்தது. அந்தப் படிப்பகங்கள் பல ஊர்களில் இன்று கேரம் போர்டோடு தூங்குகின்றன. அவற்றைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். இரண்டு மேசை, நான்கு நாற்காலி, ஒரு இணைய இணைப்பு போடுங்கள். அரசு கட்டும்வரை நம் பிள்ளை நிழற்குடையில் உட்கார வேண்டாம். படிப்பகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும், மாலையில் அதே மேசையில் மனுவும் எழுதட்டும்.

ஜெய் பீம்.